ஞாயிறுக்கு ஒரு படம்

கம்ப்யூட்டர் எழும்பவில்லை என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருடைய கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இருக்காது, ஐயா. பிளக் சரியாகக் குத்துப்பட்டிருக்காது, இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற பிள்ளை சுவர் சுவிட்சை அணைத்திருக்கும். இதைச் சொன்னால் ஆட்களுக்குக் கோபம் வரும். அவ்வளவு தூரம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டிக்கு ஒன்றுமே இல்லை என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதனால் நான் உடனே சொல்வதில்லை. "வச்சிட்டுப் போங்க, பாக்கிறேன்" என்பேன். இது என் தொழில் பழக்கம். நீங்கள் கேட்கிற விஷயமும் இந்தப் பழக்கத்தில்தான் தொடங்கியது.

எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை. பெயர் சந்திரமோகன். பதுளையில், பசறை வீதியிலிருந்து பிரிகிற சந்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினேன், அதனால் எல்லாருக்கும் நான் மாஸ்டர். கடைக்குப் பின்னாலேயே ஒரு அறை, அதில் தனியாக இருக்கிறேன். பக்கத்துக் கடை றில்வானுடையது, அவன் போன் திருத்துகிறான். வாய் ஓயாது, ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன். நான் யாருடைய ஃபைலையாவது தொலைத்திருக்கிறேனா என்று அவனைக் கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வான்.

மதலேனா என் கடைக்கு வந்தது அவருடைய மகன் செத்த முதலாம் ஆண்டுப் பூசை முடிந்த கையோடு. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். தோட்டத்து மாதா கோயிலில் மாதத்துக்கு ஒரு தடவைதான் பூசை என்பதால் மற்ற ஞாயிறுகளில் டவுன் கோயிலுக்குப் பஸ் ஏறுவார். அன்றைக்குக் கம்ப்யூட்டரை ஒரு வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து வந்திருந்தார். இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார்.

"இதுக்குள்ளதான் எம் மகன் இருக்கான் மாஸ்டர். பாத்து எடுத்துக் குடுங்க."

மகன் பெயர் நிரோஷன். மோட்டார் சைக்கிளில் வந்தவன் வளைவில் லொறியோடு மோதிப் போய்விட்டான். போன் அவனோடேயே நொறுங்கிவிட்டது. அவன் எடுத்த படம், வீடியோ எல்லாவற்றையும் இந்தக் கம்ப்யூட்டரில்தான் ஏற்றி வைத்திருந்தான். அக்கா நிலுக்ஷி வத்தளையில் ஒரு கார்மெண்ட் ஆபீசில் வேலை செய்கிறாள். அவளிடம் தம்பி அனுப்பியது கொஞ்சம் இருந்தது. அவளும் போனை மாற்றும்போது அதைத் தொலைத்துவிட்டாள். தாயிடம் இருப்பது பட்டன் போன். ஆக, மிச்சம் இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

அது ஏன் எழும்பவில்லை என்பது எனக்குப் பார்த்ததுமே பாதி விளங்கிவிட்டது. துக்க வீட்டில் டீவி, ரேடியோ போடமாட்டார்கள் அல்லவா? மதலேனா அதில் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டார். மற்றவர்கள் முப்பத்தோராம் நாளோடு எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். இவர் வயரைப் பிடுங்கி, வெள்ளைத் துணி போட்டு மூடி, அதற்கு மேல் மகனுடைய அடையாள அட்டைப் படத்தை வைத்து, ஆண்டுப் பூசை வரைக்கும் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார். ஸ்பிரிங்வெளி லயத்தில், வரிசை வீட்டுக் காம்பராவில், மழைக்காலத்தில் சுவரே வேர்க்கும். ஒரு வருஷம் அந்த ஈரத்தில் கிடந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம். சீடி போடுகிற தட்டுக்குள் மெழுகு வழிந்து உறைந்திருந்தது. அதைத்தான் முதலில் சுரண்டி எடுத்தேன்.

அவர் போன பிறகு ஆன் பண்ணினேன். நீளமாக ஒரு பீப் சத்தம், விட்டு விட்டு. மெமரி என்று ஒரு சின்னப் பலகை இருக்கிறது, அதன் பல்லில் ஈரம் பூத்தால் இப்படித்தான் கத்தும். கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற அழிரப்பரால் பல்லைத் தேய்த்துத் திரும்பக் குத்தினால் போதும். ஆனால் நான் அப்படி அவசரப்படுகிற ஆள் இல்லை. உள்ளே ஃபைல் இருக்கிறது என்று தெரிந்தால் திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்கவே கூடாது. முதலில் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் பூட்டி எல்லாவற்றையும் பிரதி எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் திருத்தம். என் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கு இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கும் அப்படியே செய்தேன். எல்லாம் முழுசாக வந்தது. அப்புறம் ரப்பரால் தேய்த்தேன், கம்ப்யூட்டர் எழும்பியது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு மதலேனா வந்தபோது நான் சொல்லியிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் அதற்கு முதலே வாசலில் நின்று, "என்னாங்க மாஸ்டர், உசிரு இருக்கா?" என்று கேட்டார். ஒரு படத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன், நிரோஷன் பாடசாலைச் சீருடையில் நிற்கிற படம். அதைக் கையில் கொடுத்தேன். அவர் அப்படியே கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அவனுக்குச் சப்பாத்து வாங்கப் போன கதையைச் சொன்னார், பஸ்ஸில் வாந்தி எடுத்த கதையைச் சொன்னார். என் கடைக்கு வருகிறவர்கள் பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள், திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். உட்கார்ந்து பேசியவர் என்று யாரும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நிறையப் பிடித்திருந்தது, ஐயா. அதை மறைக்கப் போவதில்லை.

"மத்ததெல்லாம்?" என்று போகும்போது கேட்டார்.

"கஷ்டமான வேலைம்மா. டிஸ்க் ஈரத்துல கெட்டுப் போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். அவசரப்பட்டா எல்லாமே போயிரும்."

"அவசரமே வேணாங்க. ஆறுதலா எடுங்க."

அப்படித்தான் ஞாயிறுக்கு ஒரு படம் என்று வந்தது. அவருக்காக ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றி வைப்பேன். காசு என்று ஒரு சதம் வாங்கவில்லை, பிரிண்ட் பேப்பரும் என்னுடையது. தப்பாக நினைக்காதீர்கள், ஒரு விரலால்கூட நான் அவரைத் தொட்டதில்லை.

எந்தப் படத்தை எப்போது கொடுப்பது என்பதில்தான் யோசனை தேவைப்பட்டது. நல்ல படங்களை முதலில் கொடுத்துவிட்டால் பிறகு என்ன செய்வது? ஆகவே முதுகு தெரிகிற படங்களை முன்னால் வைத்தேன். தூரத்தில் நிற்கிற படங்கள், துன்ஹிந்த அருவியில் பெடியன்கள் கூட்டத்தில் தலை மட்டும் தெரிகிற படங்கள். ஒரு படத்தில் அவனும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அதை நடுவில் வெட்டி, ஒரு ஞாயிறு அக்காவையும் அடுத்த ஞாயிறு தம்பியையும் கொடுத்தேன்.

முகம் நன்றாகத் தெரிகிற படம் ஒன்று இருந்தது. கெட்டுப்போன படம் கீழ்ப் பக்கம் சாம்பல் நிறமாக வரும், அது தொழிலில் இருக்கிற உண்மை. நான் அந்தச் சாம்பலைக் கம்ப்யூட்டரில் வேண்டுமென்றே பூசினேன். முதல் ஞாயிறு தலைமுடியும் நெற்றியும் மட்டும் விட்டு, மிச்சத்தை மூடிக் கொடுத்தேன். மதலேனா சாம்பலின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "இது எப்பங்க போகும்?" என்றார். "வாரா வாரம் கொஞ்சம் எறங்கும்" என்றேன். சொன்னபடி இறக்கினேன். கண் வந்த ஞாயிறு அழுதார். மூக்கு வந்த ஞாயிறு சிரித்தார், அது அவருடைய மூக்காம். வாய் வந்த ஞாயிறு எனக்கு முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

றில்வானுக்கு இது சரியாகப் படவில்லை. ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்றான்.

"இன்னம் சரிவரல்லயா மாஸ்டர்? ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி வேற மெஷின்ல போட்டுப் பாத்தா முடிஞ்சே. அந்த உம்மா பாவம், பஸ்ஸுல வந்து வந்து போறாங்க."

"போன் வேலை வேற றில்வான், இது வேற."

"அது சரிதான்" என்றான். எனக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மதலேனா உண்மையில் தேடியது படத்தை இல்லை. அதை அவர் வாயாலேயே சொன்னார். "மொகம் இருக்குங்க மாஸ்டர், படத்துல பாத்துக்கறேன். கொரலுதான் மறந்துக்கிட்டே போகுது. காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப அவன் எப்பிடிக் கூப்புடுவான்னு நெனச்சிப் பாக்கறேன், வர மாட்டேங்குது. தேங்காத் துருவுறப்ப என்னைய ஒரு வீடியோ எடுத்தான். அதுல பேசுவான். அது ஒண்ணு வந்துட்டாப் போதும். மத்தது போனாலும் பரவாயில்ல."

அந்த வீடியோ இருந்தது. நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். பிரதி எடுத்த ஃபைல் திறக்கிறதா என்று பார்ப்பது என் கடமை, எல்லாவற்றையும் திறந்துதான் பார்த்தேன். பிறகும் பார்த்தேன். கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடும்போது பார்ப்பேன். நிரோஷன் ஹோட்டல் வேலை இண்டர்வியூவுக்காக இங்கிலிஷில் பேசிப் பழகி, அதைப் படம் பிடித்து வைத்திருந்தான். ஒரே வசனத்தைப் பிழையாகவே சொல்லிவிட்டுத் தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பான். இடக்கைக்காரன். பருப்பைக் கண்டால் முகத்தைச் சுளிப்பான். தேங்காய் வீடியோ சின்னதுதான். மதலேனா கீழே குந்தித் துருவிக்கொண்டே, சுவரில் சாய்ந்து நிற்கிற யாரையோ விறகு எடுத்து வரச்சொல்லி அதட்டுகிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல்: "கங்காணியம்மா, இங்கிட்டுக் கொஞ்சம் பாருங்க. இன்னைக்கி எத்தன பேரு வேலைக்கி?" மலையில் ஆட்களை ஏவி வேலை வாங்குகிற கங்காணிபோல வீட்டில் எல்லாரையும் ஏவுகிறாள் என்று தாய்க்கு அவன் வைத்த பேர் அது. அவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் துருவிய தேங்காயை அள்ளிக் கேமரா மேல் எறிவார். அதோடு முடியும்.

இதை எப்படி ஐயா உடனே கொடுப்பது? இதைக் கொடுத்தால் அப்புறம் கொடுக்க ஒன்றுமில்லை.

நிலுக்ஷிக்கு அந்த வருஷம் பிள்ளை தங்கியது. பேறுகாலத்துக்கு அம்மா வரவேண்டும், வந்தால் திரும்பிப் போகத் தேவையில்லை, வேலையை விட்டுவிட்டுத் தன்னோடேயே இருக்கலாம் என்று கேட்டாள். நல்ல பிள்ளை. மதலேனா ஸ்டூலில் உட்கார்ந்து இதை என்னிடம் யோசனை கேட்டார்.

"நான் போயிட்டா இத வந்து வாங்குறது யாரு மாஸ்டர்?"

வத்தளைக்குத் தபாலில் அனுப்பலாம். ஒரு பென் டிரைவில் போட்டு அவர் கையிலேயே கொடுக்கலாம். பதில்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் சொன்னது வேறு: "அந்த வீடியோ இப்பதாம்மா மெல்ல அசையுது. இந்த நேரத்துல விட்டா கஷ்டம். ஒங்க இஷ்டம்." ஒங்க இஷ்டம் என்றும் சொன்னேன் என்பதைக் கவனியுங்கள். நான் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை.

அவர் போகவில்லை. நிலுக்ஷிக்குப் பிரசவம் சிக்கலாகி, ஆபரேஷன் செய்து, பக்கத்து வீட்டுக்காரிதான் ஆஸ்பத்திரியில் கூட நின்றாளாம். குழந்தையின் படத்தை என் போனுக்கு அனுப்பினார்கள், தாயிடம் பட்டன் போன்தானே. மதலேனா பேத்தியை முதன்முதலில் பார்த்தது என் கடையில், என் போனில். உடனே அதைப் பெரிசாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அன்றைக்கு நிரோஷன் படம் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிறுக்கு ஒரு படம்தானே.

என்னை மாட்டிவிட்டது என் வாய்தான். போன மாதம் ஒரு ஞாயிறு. பகலிலேயே பனி இறங்கி மழையும் பிடித்துக்கொண்டது. மதலேனா படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். குடை ஸ்டூலடியில் கிடந்தது. நான் அதை எடுத்து நீட்டி, "கொடைய மறந்துட்டீங்களே கங்காணியம்மா" என்றேன். நினைத்துச் சொல்லவில்லை. தினமும் கேட்கிற பேர் நாக்கில் வந்துவிட்டது.

அவர் குடையை வாங்கவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"கொடைங்க. கொடை."

"அந்தப் பேரு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கதான் ஒருநாள் சொன்னீங்க."

"நான் சொல்லல மாஸ்டர். அவன் செத்ததுக்கப்புறம் எங்க வீட்டுல ஒருத்தரும் அந்தப் பேர வாயில எடுக்கல."

திட்டுவார் என்று நினைத்தேன். ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பவும் ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார்: "அப்ப அவன் பேசுறானா அதுல? நல்லாக் கேக்குதா மாஸ்டர்?"

கேட்கிறது என்றேன்.

"எனக்குப் போடுங்க. ஒருக்காப் போடுங்க. ஒங்கள ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அந்தக் கம்ப்யூட்டர் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், மேசைக்குக் கீழேதான் இருந்தது. பட்டனைத் தட்டினால் போதும். நான் தட்டவில்லை. போட்டால் கேட்பார், கேட்டுவிட்டு எழுந்து போவார், நேரே வத்தளைக்குப் பஸ் ஏறுவார். ஸ்டூல் சும்மா கிடக்கும். எனக்குப் பயமாக இருந்தது ஐயா. "இன்னைக்கி முடியாதும்மா, அடுத்த ஞாயிறு வாங்க" என்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு, "நாளைக்கி மகளோட வர்றேன். பெட்டிய எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடை கடையிலேயே கிடந்தது.

இனி நீங்கள் கேட்க நினைக்கிறதைச் சொல்கிறேன். ஃபைலை அழிப்பது என்றால் டிலீட் அடிப்பது என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அதில் ஒன்றும் அழியாது, கெட்டிக்காரன் கையில் கிடைத்தால் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிடுவான். முழு டிஸ்க்கின் மேலும் வெறும் பூச்சியத்தை எழுத வேண்டும், ஒரு ஓரம் விடாமல். மதலேனா போனதும் அதைத் தொடங்கிவிட்டேன். அது ஓடிக்கொண்டிருந்த நேரம் பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். தேதி பிழையாகக் காட்டிக்கொண்டிருந்தது, அதற்கும் புதுப் பெட்டரி போட்டேன். வெளியில் ஒட்டியிருந்த மெழுகுக் கறையைத் துடைத்தேன். அந்தக் கம்ப்யூட்டர் வாங்கின அன்றைக்குக்கூட அவ்வளவு நன்றாக எழும்பியிருக்காது.

ராத்திரி பஸ்ஸில் ஏறி வந்த நிலுக்ஷி அடுத்த நாள் கைக்குழந்தையோடு தாயையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நானே வயரைப் பூட்டி, ஆன் பண்ணிக் காட்டினேன். அவள் ஒவ்வொரு இடமாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் வெறுமை. றில்வானைக் கூப்பிட்டாள். அவனும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான். மதலேனாவுக்கு விளங்கவில்லை. பளிச்சென்று எரிகிற ஸ்கிரீனைக் காட்டி, "நல்லாத்தானே வேல செய்யிது. எங்கடி இருக்கான்?" என்று மகளைக் கேட்டார். நான்தான் சொன்னேன், "ரிப்பேர்ல அப்பிடியும் நடக்கும்மா" என்று.

ஆக, உங்கள் பொலீசில் கொடுத்த முறைப்பாட்டில் நிலுக்ஷி சொல்லியிருப்பது அத்தனையும் சரி. முதல் நாளே எடுத்துவிட்டேன், எடுக்கவில்லை என்று சொன்னேன், படத்தை வெட்டினேன், முகத்தில் சாம்பல் பூசினேன், கடைசியில் அழித்தேன். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றில் மட்டும் அவள் பிழை. தம்பியை நான் இல்லாமல் ஆக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு பத்திரம் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. நீங்கள் என் கடையிலிருந்து அள்ளிக்கொண்டு போன டிஸ்க்குகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அங்கே இல்லை. வேறு இடத்தில், ஈரம் படாமல், ஒரு நொடிகூடக் குறையாமல் இருக்கிறான். அந்த லயத்துக் காம்பராவில் இருந்திருந்தால் இதற்குள் பூஞ்சணம் பிடித்திருக்கும். தாயைவிட நான்தான் அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதலேனா இப்போது வத்தளையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தூரம்தான், ஆனால் பதுளைக்கு விடிய விடிய பஸ் இருக்கிறது. அவரிடம் சொல்லுங்கள், எனக்கு அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம், தனியாக வரட்டும். வீடியோவை முழுசாகத் தருகிறேன். முதல் ஞாயிறு தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும்.